15 வருடம் சிரித்தவனுக்கு இப்ப என்ன வந்தது?

திருகோணமலையிலிருந்து ஒரு தம்பி நாலு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். முழுவதையும் போட இடமில்லை, சுருக்கித் தருகிறேன்.

"அக்கா, நாங்கள் ஐந்து பேர் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். சனி, ஞாயிறு பின்னேரங்களில் இப்பவும் உப்புவெளிக் கடற்கரையில் கிரிக்கெட் அடிப்போம். எங்களில் ஒருவனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'சொத்தி'. சின்ன வயதில் மாமரத்தால் விழுந்து கை முறிந்தது, முழங்கை கொஞ்சம் வளைந்தபடியே பொருந்திவிட்டது. 15 வருடமாக அந்தப் பெயர்தான். அவனும் சிரிப்பான், போன் எடுத்தால் தானே 'சொத்தி கதைக்கிறன்' என்பான். போன மாதம் அவனுக்குக் கலியாணம். மண்டப வாசலில் நண்பர்கள் சார்பில் பெரிய பனர் கட்டினோம்: 'எங்கள் சொத்தி இன்று முதல் சொத்துக்காரன்!' பெண்ணின் தகப்பனுக்கு யுத்தத்தில் ஒரு கை முழங்கைக்குக் கீழே போய்விட்டதாம். சத்தியமாக எங்களுக்குத் தெரியாது. அவர் பனரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பந்தியில் அவரைக் காணவே இல்லை. அன்றிலிருந்து சொத்தி எங்கள் போனை எடுப்பதில்லை. மற்றவர்கள் '15 வருடம் சிரித்தவனுக்கு இப்ப என்ன வந்தது, கலியாணம் கட்டினதும் பெரிய ஆள் ஆகிட்டான்' என்கிறார்கள். பகிடிக்கு ஒரு சொல் சொல்லக்கூடாதா அக்கா? இந்தக் காலத்தில் எதைச் சொன்னாலும் ஆட்களுக்கு நோகுது. எங்கள் பக்கம் என்ன பிழை? பனரைக்கூடக் கழற்றி இப்ப எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்கு மேலே போட்டிருக்கிறோம்."

தம்பி, அந்த ஐந்து பேரில் நீங்கள் ஒருவராவது இதை யாரிடமாவது கேட்கவேண்டும் என்று நினைத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. இனி நான் எழுதப்போவது உங்களுக்கு அவ்வளவு பிடிக்காது.

மாமனாரின் கை விஷயம் தெரியாது என்கிறீர்கள். சரி, நம்புகிறேன். ஆனால் எந்த ஊரில் இருந்துகொண்டு தெரியாது என்கிறீர்கள்? யுத்தம் முடிந்தது 2009இல். அதற்கு முன்னே எத்தனை வருடம் இந்த மாவட்டத்தில் செல்லடியும் கண்ணிவெடியும் என்ன செய்தன என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே போதும். மற்ற ஊர்க்காரருக்கு ஜெய்ப்பூர் என்றால் அரண்மனை ஞாபகம் வரும், வடக்குக் கிழக்கில் ஜெய்ப்பூர் என்றால் செயற்கைக் கால். இங்கே 300 பேர் கூடுகிற மண்டபத்தில் கை போனவர், கால் போனவர், இன்னும் உடம்புக்குள் செல் துண்டோடு நடமாடுகிறவர் என்று ஒருவர்கூட வரமாட்டார் என்று எந்தத் துணிவில் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் வாசலில் கட்டினீர்கள்? சம்பந்தியாக இல்லாவிட்டால் சமையல்காரராக இருந்திருப்பார், மேளக்காரராக இருந்திருப்பார், வாசலில் வாகனங்களுக்கு வழிகாட்டுகிற ஐயாவாக இருந்திருப்பார். அப்போது உங்களுக்குத் தெரியவே வந்திருக்காது, எனக்கு இந்தக் கடிதமும் வந்திருக்காது.

இன்னொன்று. அந்தப் பனரில் எதுகை மோனையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, எழுதியவருக்குக் கைவந்த கலை போலிருக்கிறது. ஆனால் 'சொத்துக்காரன்' என்ற சொல்லை மாமனார் எப்படி வாசித்திருப்பார் என்று யோசித்தீர்களா? நம்முடைய பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுக்கிறோம், அது சரியா பிழையா என்பது வேறு கதை. ஒரு கையோடு உழைத்து, மகளுக்கு வீடு எழுதிக் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு வருகிற மனிதர், தன் உடம்பையும் தன் உழைப்பையும் ஒரே வரியில் பகிடியாக்கி வாசலில் தொங்கவிட்டிருப்பதைப் பார்க்கிறார். நீங்கள் அவரை நினைத்து எழுதவில்லை என்பது எனக்கு விளங்குகிறது. வாசித்தவர் அவர்.

இப்போது அந்த 15 வருடச் சிரிப்புக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் வைக்கும் பெரிய வாதம் அதுதான், எனக்கு மிகப் பழக்கமான வாதமும் அதுதான்.

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு வகுப்பில் பட்டப்பெயர் வைக்கிறார்கள். அந்தப் பிள்ளையிடம் என்ன வழி இருக்கிறது? கோபித்தால் இன்னும் பத்துத் தரம் கூப்பிடுவார்கள். அழுதால் அழுகைக்கு வேறு ஒரு பெயர் வரும். ஆசிரியரிடம் சொன்னால் அதற்கும் ஒன்று. சிரித்தால் மட்டும் விளையாட்டில் சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே சிரிக்கிறது. அதைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை, நீங்கள் சொல்வதற்கு முன்னமே தானே சொல்லிவிடும், அடி விழப்போகிற இடத்தில் தானே கையால் தட்டிக்கொள்வதுபோல. போன் எடுத்து 'சொத்தி கதைக்கிறன்' என்பது உங்களுக்கு நட்பாகத் தெரிகிறது. எனக்கு முன்னால் கதிரையில் இருந்து இதே மாதிரிக் கதை சொன்ன முப்பது, நாற்பது வயது ஆண்களை எனக்குத் தெரியும். ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தால் பழைய வகுப்புக்காரர் நிற்கிற சந்தியைத் தவிர்த்துச் சுற்றிப் போவாராம். கேட்டால், 'அவங்கள் நல்ல பொடியள் மிஸ், எனக்கு உயிர் தருவாங்கள், ஆனால் மனைவிக்கு முன்னால் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டிடுவாங்கள்' என்றார். இரண்டுமே உண்மை, உயிரும் தருவார்கள், அந்தப் பெயரையும் சொல்வார்கள்.

உங்கள் நண்பருக்கும் எல்லா நாளும் நொந்தது என்று நான் அடித்துச் சொல்லவில்லை, சில நாள் உண்மையாகவே சிரித்திருப்பார். ஐந்து பேருக்குள் ஓடுகிற சொல்லுக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்து இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று மூன்று படித்தது ஞாபகமா? இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் தங்களுக்குள் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று உதாரணம் சொன்னதும் எங்கள் வகுப்பில் ஒரு தட்டார் வீட்டுப் பிள்ளை எழும்பி 'எங்கட வீட்டில அப்படிச் சொல்றதில்ல மிஸ்' என்றது, அந்தப் பாடம் முழுக்க அதிலேயே போய்விட்டது. அது கிடக்கட்டும். குழூஉக்குறி என்பது ஒரு குழுவுக்குள் மட்டும் செல்லுபடியாகிற சொல். உங்கள் 'சொத்தி'யை அப்படி ஒன்று என்று வைத்துக்கொண்டாலும், அதைக் கடற்கரையிலிருந்து கிளப்பிக் கொண்டுபோய் மண்டப வாசலில் கட்டியது நீங்கள். கல்யாண நாளில் ஒருவர் தன் மனைவியின் வீட்டாருக்கு முன்னால் முதல்முதலாக நிற்கிறார், அவரை எந்தப் பெயரில் அறிமுகம் செய்வது என்பதை நீங்கள் முடிவெடுத்திருக்கிறீர்கள்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேடையில் நின்று கதைக்கிற மாதிரி இருக்கும். எனக்கு வாயில் 'விசர்', அதாவது பைத்தியம், என்ற சொல் தாராளமாக வரும். 'உனக்கென்ன விசரே', 'விசர்க் கதை கதையாதே', எங்கள் வீட்டில் தேத்தண்ணீர் மாதிரி ஓடுகிற சொல். பல வருடத்துக்கு முன் நான் வேலை செய்த மனநலக் கிளினிக்கில் ஒரு நாள் சரியான சனம், மூன்று பேருடைய வேலையை நான் ஒருத்தி பார்க்கிறேன், போனில் ஒரு தோழியிடம் 'எனக்கு இண்டைக்கு விசர் பிடிக்கப்போகுது, நேரே அங்கொடைக்குத்தான்' என்று சொல்லிச் சிரித்துக்கொண்டு திரும்புகிறேன், வாங்கில் ஒரு அம்மா. மகனைக் கூட்டிவந்திருந்தார். மகனுக்கு 19 வயது இருக்கும், அப்போதுதான் நோய் தொடங்கியிருந்தது. அந்த அம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் கிளினிக் கொப்பியும் ஒரு போத்தல் தண்ணீரும். அவர் பையின் வாயைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தார். அவர்களுடைய முறை வந்து நான் உள்ளே கூப்பிட்டபோது இருந்துகொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்: 'மிஸ், நீங்களும் அப்படிச் சொல்லுவீங்களா?'

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் 'பரவாயில்லை மிஸ்' என்றார். அடுத்த தவணைக்கு வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் வரவில்லை. என் சொல்லால்தான் வரவில்லையோ, பஸ் இல்லாமல் வரவில்லையோ, எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கொடை என்பது கொழும்புப் பக்கத்தில் ஓர் ஊர், அங்கே தேசிய மனநல நிறுவனம் இருக்கிறது, 1926 என்ற இலக்கத்தில் 24 மணி நேரமும் அதன் தொலைபேசி உதவி கிடைக்கிறது. ஆனால் சின்ன வயதிலிருந்து அந்த ஊர்ப் பெயரை வசவாகக் கேட்டு வளர்ந்த ஒருவரிடம் 'நீங்கள் அங்கே ஒருதரம் காட்டுங்கோ' என்று சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கு தெரியும். அந்தச் சொல்லைப் பகிடிக்குச் சொன்ன எங்களில் யாருக்கும் அதனால் ஒரு சதம் செலவில்லை. செலவு அந்த வாங்கில் இருந்தவருக்கு. இப்போதும் எனக்கு வீட்டில் அந்தச் சொல் வாய் தவறி வருகிறது, வந்ததும் அந்தப் பிளாஸ்டிக் பை ஞாபகம் வருகிறது.

'அப்ப வாயே திறக்கக்கூடாதா' என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கேட்பார். தாராளமாகத் திறக்கலாம். தூசணம் கதைப்பதைப் பற்றி நான் அவ்வளவு அலட்டிக்கொள்வதில்லை. கரைவலை இழுக்கிற இடத்தில் நின்று பார்த்திருக்கிறீர்கள்தானே, வலை பாறையில் மாட்டினால் அங்கே வருகிற வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, ஆனால் அதில் ஒருவரும் புண்பட்டு வீட்டுக்குப் போனதாக நான் காணவில்லை. (அந்த வார்த்தைகளிலும் அடி வாங்குவது எப்போதும் யாரோ ஒருவருடைய அம்மாவோ அக்காவோதான், அதை நான் மறக்கவில்லை, அதற்குத் தனியாக ஒரு நாள் எழுதுவேன்.) 'சொத்தி', 'நொண்டி', 'கொன்னை', 'செவிடு' எல்லாம் வேறு வகை. கட்ச் விட்டவனைப் பார்த்து 'டேய் சொத்தி' என்று கத்தும்போது அந்தச் சொல் வேலை செய்வதே, உண்மையாகவே கை இல்லாத ஒருவர் எங்கேயோ இருக்கிறார், அவரைப்போல் இருப்பது கேவலம் என்று நீங்கள் எல்லோரும் பேசாமலே ஒத்துக்கொண்டிருப்பதால்தான். கட்ச் விட்டவன் சிரித்துவிட்டுப் போய்விடுவான். உண்மையாகவே கை இல்லாதவர் எல்லைக்கோட்டில் நின்றாரா இல்லையா என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. உங்கள் விஷயத்தில் அவர் நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

இதை உங்களுக்குப் புதிதாக விளக்கவேண்டியதில்லை, நீங்கள் திருகோணமலைக்காரர். 'தெமள' என்பது சிங்களத்தில் தமிழுக்கு உள்ள சாதாரணச் சொல், பாடப் புத்தகத்திலும் இருக்கும், பக்கத்து வீட்டு அங்கிளும் சொல்வார். ஏதாவது வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருவர் அதே சொல்லின் கடைசியை இழுத்து 'தெமளா' என்றால் முதுகு எப்படி விறைக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சொன்னவரைக் கேட்டால் அவரும் 'பகிடிக்குத்தான்' என்பார். சரி, நாங்கள் மட்டும்? கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் நண்பன் எழும்பிப் போனதும் 'சோனி' என்கிறோம், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளையைத் 'தோட்டக்காட்டான்' என்கிறோம், 'மோடன்' என்ற சொல்லை யாருக்கு வைத்திருக்கிறோம் என்று எழுதத் தேவையில்லை. எங்களுக்குச் சொன்னதெல்லாம் கணக்குக் கொப்பியில் தேதியோடு இருக்கிறது, நாங்கள் சொன்னதற்குக் கொப்பியே இல்லை.

'இந்தக் காலத்தில் எதைச் சொன்னாலும் நோகுது' என்பதும் சரியில்லை தம்பி. அந்தக் காலத்திலும் நொந்தது, சொல்ல இடமிருக்கவில்லை. கல்வி நிறுவனங்களில் ராக்கிங்கைத் தடுக்க 1998இல் 20ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். உடம்புக் காயத்தோடு மனவேதனையையும் அச்சத்தையும் அந்தச் சட்டம் சேர்த்தே சொல்கிறது, ஆக இது நேற்று முளைத்த யோசனை இல்லை. அதற்குத் தமிழில் வைத்த பெயரைப் பாருங்கள், பகிடிவதை. யார் வைத்தாரோ, பகிடி எங்கே போய் முடியும் என்று தெரிந்த ஆள்.

சொல்லை மட்டும் மாற்றினால் போதும் என்றும் நினைக்காதீர்கள். அங்கவீனர் என்றோம், ஊனமுற்றோர் என்றோம், வலது குறைந்தோர் என்றோம், இப்போது மாற்றுத்திறனாளி. நல்ல சொல். போன மாதம் ஒரு பள்ளிக்கூட மதிலோரம் போகும்போது உள்ளே ஒரு பொடியன் மற்றவனைப் பார்த்துக் கத்துகிறான், 'டேய் மாற்றுத்திறனாளி, பந்தைப் பிடியடா!'

சரி, இனி என்ன செய்வது.

நண்பரிடம் முதலில் நீங்கள் ஒருவர் மட்டும் போங்கள். நாலு பேரும் சேர்ந்து போனால் அது திரும்பவும் கூட்டம், கூட்டத்துக்கு முன்னால் அவருக்குச் சிரித்துத்தான் பழக்கம். வீட்டுக்குப் போகாதீர்கள், புது வீடு, அங்கே பெண் வீட்டார் இருப்பார்கள். பின்னேரம் கடற்கரைக்கோ கோட்டைப் பக்கமோ வரச் சொல்லுங்கள். போன் எடுக்காவிட்டால் ஒரு செய்தி போடுங்கள், இரண்டு வரி போதும்: 'பனர் கட்டினது பிழை. நேரே சொல்லவேணும், உனக்கு எப்ப வசதியோ அப்ப வாறன்.' பதில் வராவிட்டால் ஒரு கிழமை பொறுங்கள். ஒரே நாளில் பத்துச் செய்தி போடாதீர்கள்.

சந்திக்கும்போது 'உனக்கு நொந்திருந்தால் மன்னிச்சுக்கொள்' என்று தொடங்கவேண்டாம். அந்த 'இருந்தால்' இருக்கிறதே, அது மன்னிப்புக் கேட்பதுபோல் வந்து பழியை அவர் தலையில் வைத்துவிட்டுப் போகிற சொல். 'நாங்கள் பகிடிக்குத்தான்', 'உன்ர மாமா விஷயம் தெரியாதுடா' இரண்டும் வேண்டாம். 'உன்ர கலியாணத்தில உன்னை அந்தப் பேரில கூப்பிட்டது பிழை, நான்தான் பனருக்குக் காசு சேர்த்தனான்' என்று செய்ததைச் சொல்லுங்கள், நீங்கள் எதைச் செய்தீர்களோ அதை. அப்புறம் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் 15 வருடக் கதையைத் தொடங்கலாம், நீங்கள் மறந்துபோன சம்பவங்கள் அதில் வரும். 'அதையெல்லாம் இன்னும் வச்சுக்கொண்டிருக்கிறாயா' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

மாமனாரிடம் போவதா வேண்டாமா என்பதை நண்பர் சொல்லட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள், உங்கள் மனப்பாரத்தை இறக்குவதற்கு அந்த மனிதரின் வீட்டு விறாந்தை தேவையில்லை. போகச் சொன்னால் போங்கள், பழம் வெற்றிலை தட்டு என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். அவருடைய கையைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது. 'ஐயா, நாங்கள் உங்களை நினைச்சு எழுதேல்ல' என்றும் சொல்லாதீர்கள், அதன் பொருள் 'உங்கள் மருமகனை நினைத்துத்தான் எழுதினோம்' என்பது, அது அவருக்கு இன்னும் கூடாது. 'பனர் கட்டினது எங்கட பிழை ஐயா, கலியாண வீட்டில அப்படிச் செய்திருக்கக்கூடாது.' இவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம், தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டு வாருங்கள். 'பரவாயில்லைத் தம்பி' என்று அவர் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, அடுத்த பண்டிகைக்கு உரிமையோடு போய் நிற்கவேண்டாம். எனக்கு ஒருவர் 'பரவாயில்லை' சொன்ன கதையை மேலே எழுதியிருக்கிறேன்.

மற்ற மூன்று பேரையும் திருத்துகிற வேலையை இப்போதைக்குத் தலையில் போடாதீர்கள். அவர்கள் கடற்கரையில் அந்தப் பெயரைச் சொல்லும்போது நீங்கள் சொல்லாமல் இருங்கள், ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பந்தைப் போடுங்கள்.

கோழிக்கூட்டுக்கு மழைக்கு ஏதாவது தேவைதான், அதற்கு வேறு ஒரு தகரமோ தறப்பாளோ பாருங்கள். ரோட்டால் போகிற ஆட்களுக்கு அந்த வரி இன்னும் தெரிகிறதா என்று ஒருதரம் வெளியே வந்து நின்று பாருங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் போனில் அவருடைய இலக்கத்தை எந்தப் பெயரில் சேமித்து வைத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், நீங்கள் சொல்லாமலே தெரியும். செய்தி போடுவதற்கு முன் அதை மாற்றுங்கள். நாலு பக்கக் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டேன், 'சொத்தி' என்ற சொல் 23 இடத்தில் இருக்கிறது, அவருடைய பெயர் என்ன என்று ஓரிடத்திலும் இல்லை. அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், இங்கே போடமாட்டேன்.